பார்த்தேன், காணவில்லை

நாற்பது வயதைக் கடந்தவர்கள் பெரும்பாலும் வாழ்க்கையில் ஒருமுறையாவது, “போன உயிர் திரும்பி வந்தது” என்று சொல்லியிருப்பார்கள். பிறர் அவ்வாறு சொல்லக் கேட்கும்போதெல்லாம், மிகைப்படுத்திப் பேசுகிறார்கள் என்று நாம் உள்ளூர நகைத்ததுண்டு. சென்ற தை மாதத்தில் ஒரே வாரத்தில் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. முதலாவதில் எமது உயிர் திரும்பி வந்தது. இரண்டாவதில், எம்மால் போயிருக்கக்கூடிய வேறு இரண்டு உயிர்கள் திரும்பி வந்தன. முதலாவதைக் கல்லூரியிலும் கோயில் முன்றிலிலும் பலருக்குச் சொன்னோம். இரண்டாவதை வீட்டில் மட்டுமே சொன்னோம். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் பிறருக்குப் பயன் உண்டு என்று தோன்றுவதால், சற்று நாணத்துடனேயே இதனை எழுதுகிறோம்.

எமது வீடு உடப்பில். தமிழ் கற்பிக்கும் கல்லூரியோ புத்தளம் நகரில். நாள்தோறும் அதிகாலையில் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, பத்துளுஓயாச் சந்தியில் பிரதான வீதியை அடைந்து, முந்தல், மதுரங்குளி, பாலாவி ஆகிய ஊர்களைக் கடந்து செல்வது பல ஆண்டு வழக்கம். அவ்வீதியின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் எமக்கு மனப்பாடம். மனப்பாடமானதை மனம் கவனிப்பதில்லை என்பது ஆசிரியத் தொழிலில் நாம் அறிந்த உண்மை. அது வீதிக்கும் பொருந்தும் என்பதை மட்டும் அறியாதிருந்தோம்.

பாலாவிச் சந்தியில்

அன்று திங்கட்கிழமை. திருத்தி முடித்த தவணைப் பரீட்சை விடைத்தாள்களைப் பெரிய கட்டாகக் கட்டிப் பின் இருக்கையில் வைத்துக் கயிற்றால் பிணைத்திருந்தோம். கட்டு எங்கே அவிழ்ந்து விடுமோ என்ற அச்சத்தினால், வழக்கமாக அறுபது கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் நாம் அன்று நாற்பதைத் தாண்டவில்லை.

பாலாவிச் சந்தியை அறிந்தவர்களுக்கு அதன் சுறுசுறுப்பைச் சொல்ல வேண்டியதில்லை. கற்பிட்டிக்குச் செல்லும் வீதி அங்கேதான் பிரிகின்றது. சீமெந்துத் தொழிற்சாலையின் பார வாகனங்கள், உப்பு ஏற்றியவை, கற்பிட்டிப் பக்கத்து மரக்கறியும் கருவாடும் ஏற்றியவை, நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக்கு வேலைக்குச் செல்வோரின் வாகனங்கள், தலவில அன்னம்மாள் ஆலயத்துக்குச் செல்லும் யாத்திரிகரின் பஸ்கள் ஆகிய யாவும் அம்முச்சந்தியில் கூடிப் பிரிகின்றன.

காலை ஏழு மணிக்குச் சற்று முன்னர் நாம் சந்தியை நெருங்கினோம். கற்பிட்டி வீதியின் வாயிலில் மரக்கறி லொறி ஒன்று நின்றிருந்தது. அதன் சாரதி இருபுறமும் தலையைத் திருப்பியதை எமது கண்ணாலேயே கண்டோம். எம்மைப் பார்த்துவிட்டார், நிற்பார் என்று எண்ணினோம். நாம் செல்வது பிரதான வீதி. முந்திச் செல்லும் உரிமை எமக்கே உரியது. அந்த எண்ணம் மனத்தில் முடிவதற்குள் லொறி புறப்பட்டு, எமது பாதையின் குறுக்கே வந்து நின்றது.

அடுத்த இரண்டு விநாடிகளில் நடந்தவற்றை வரிசையாகச் சொல்ல எம்மால் இயலாது. கையும் காலும் தாமாகவே பிரேக்கை அழுத்தின. டயர் தேயும் ஓசை கேட்டது. வண்டி நின்றபோது, லொறியின் பக்கத் தகட்டுக்கும் எமது முன் சில்லுக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி இருந்தது. கயிறு அறுந்து விடைத்தாள்கள் வீதியெங்கும் பறந்தன. தேநீர்க்கடையில் நின்றவர்கள் ஓடிவந்து அவற்றைப் பொறுக்கினார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க அந்தச் சாரதியும் இறங்கி, நடுங்கும் கைகளால் தாள்களைப் பொறுக்கி எம்மிடம் நீட்டினார்.

“சேர், இரண்டு பக்கமும் பார்த்துத்தான் எடுத்தேன். சத்தியமாக உங்களைக் காணவில்லை” என்றார்.

நாம் என்ன செய்தோம்? கூடியிருந்தவர்கள் முன்னிலையில், வகுப்பில் ஒரு மாணவனைக் கண்டிப்பதுபோல் அவரைக் கண்டித்தோம். “கண்ணைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டா வண்டி ஓட்டுகிறீர்?” என்று கேட்டோம். லொறியின் இலக்கத்தைத் துண்டுத் தாளில் குறித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டோம். பொலிஸில் முறைப்பாடு செய்யப்போவதாகவும் கூறினோம். அவர் ஒன்றும் பேசாமல் தலை குனிந்து நின்றார். அவ்வளவு பெரிய பொய்யை இவ்வளவு பணிவாகச் சொல்கிறாரே என்று எமக்கு மேலும் சினமே மூண்டது. பட்டப்பகலில், திறந்த வீதியில், எதிரே வரும் ஒருவனைக் காணாதிருப்பது எவ்வாறு?

பத்துளுஓயாவில்

அவ்வினாவுக்கு விடை அந்த வியாழக்கிழமை மாலையே கிடைத்தது.

மேலதிக வகுப்பு முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். பத்துளுஓயாச் சந்தியில் உடப்பை நோக்கி வலப்புறம் திரும்பவேண்டும். வேகத்தைக் குறைத்தோம்; சிக்னல் விளக்கைப் போட்டோம்; சிலாபப் பக்கத்திலிருந்து வாகனம் வருகின்றதா என்று பார்த்தோம். வீதி வெறுமையாயிருந்தது. திரும்பினோம்.

உடனே ஒரு ஹோர்ன் ஓசையும், சரளைக்கல் சிதறும் ஓசையும் எழுந்தன. எமக்கு முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வீதியை விட்டிறங்கி, ஓரத்துச் சரளையில் வழுக்கி, விழாமல் தட்டுத்தடுமாறி நின்றது. ஓட்டியவன் ஓர் இளைஞன். அவன் முதுகை இறுகப் பற்றியிருந்தவள் பத்து வயதுச் சிறுமி, வெள்ளைச் சீருடை, தலையில் கவசம் இல்லை. அந்தப் பிள்ளை அழவில்லை. கண்களை அகல விரித்து எம்மையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை இன்றும் சில இரவுகளில் எமது உறக்கத்தைக் கலைப்பதுண்டு.

இளைஞன் தலைக்கவசத்தைக் கழற்றினான். நான்கு ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் கற்றவன்.

“தம்பி, உண்மையாகவே உன்னைக் காணவில்லை” என்றோம். எமது குரல் எமக்கே அந்நியமாக ஒலித்தது.

“பரவாயில்லை சேர். வெயில் கண்ணில் அடித்திருக்கும். தங்கச்சிக்கு ஒன்றுமில்லை, நீங்கள் பயப்படாதீர்கள்” என்று அவன் எமக்குத் தேறுதல் கூறினான். திங்கட்கிழமை நாம் ஒரு முதியவருக்குக் கொடுக்கத் தவறியதை, வியாழக்கிழமை எமது மாணவன் எமக்குக் கொடுத்துவிட்டுப் போனான்.

வீட்டில் நடந்ததைச் சொன்னபோது இல்லாள் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “அந்த லொறிக்காரரை நீங்கள் கேட்ட கேள்வியை இனி உங்களிடம் யார் கேட்பது?” என்று மட்டும் சொன்னாள். சட்டைப்பையில் இருந்த துண்டுத் தாளை அன்றிரவு எடுத்து எறிந்துவிட்டோம்.

காண்டலும் கருதலும்

தமிழில் பார்த்தல் வேறு, காணல் வேறு. கண்ணை ஒரு திசையில் செலுத்துவது பார்த்தல். அங்குள்ள பொருள் மனத்தில் பதிவது காணல். இவ்வேறுபாட்டை வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறோம். அது உயிரைக் காக்கும் இலக்கணம் என்பதை அந்த வாரந்தான் அறிந்தோம்.

எமது கல்லூரிப் பௌதிக ஆசிரியரிடம் இதனைப் பற்றி உரையாடினோம். மனிதக் கண் வீதியின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் தொடர்ச்சியாக நகர்வதில்லை. வெட்டுக்கிளி போலத் தாவித் தாவியே செல்கின்றது என்று அவர் விளக்கினார். ஒரு தாவலுக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்டதை மூளை தெளிவாகப் பதிவதில்லை. ஆயினும் இடைவெளியை நாம் உணராதவாறு தானே நிரப்பிக்கொள்கின்றது. இரண்டு மீற்றருக்கும் அதிக அகலமுடைய லொறி அவ்விடைவெளியில் மறைவது அரிது. ஒரு மீற்றர் அகலமும் இல்லாத மோட்டார் சைக்கிள் எளிதில் மறைந்துவிடும். முன்கண்ணாடியைத் தாங்கும் தூண் ஒன்றே சற்றுத் தொலைவில் வரும் ஒருவனை முழுமையாக மறைக்கப் போதுமானது. அன்றியும், நேரே நம்மை நோக்கி வரும் சிறிய பொருள் அசையாமல் நிற்பதுபோலவே தோன்றிக் கடைசிக் கணத்தில்தான் திடீரெனப் பெரிதாகும். எனவே கண்டுகொண்டவர்கூட, அது இன்னும் தூரத்தில் இருப்பதாகவே எண்ணிவிடுவார்.

இவை வெறும் ஊகங்கள் அல்ல. அமெரிக்காவின் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹரி ஹேர்ட் என்பவர், லொஸ் ஏஞ்சலிஸ் நகரப் பகுதியில் நிகழ்ந்த ஏறத்தாழ 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை அவை நடந்த இடத்துக்கே தம் குழுவினருடன் சென்று ஆராய்ந்து, 1981ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டார். மோட்டார் சைக்கிளும் மற்றொரு வாகனமும் மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, மற்றைய வாகனம் மோட்டார் சைக்கிளுக்குரிய வழியுரிமையை மீறியதால் நேர்ந்தவை. அவ்விபத்துகள் மிகுதியாக நடந்த இடம் சந்திகளே. சாரதிகள் மோட்டார் சைக்கிளைக் கண்டு உணரத் தவறியதே தலையாய காரணம் என்றார் அவர். ஆபத்தை உணர்ந்து தப்புவதற்கு ஓட்டுநருக்குக் கிடைத்த நேரம் பெரும்பாலும் இரண்டு விநாடிக்கும் குறைவு. பாலாவியில் எம்மிடம் தலைகுனிந்து நின்றவர் உரைத்தது பொய்யன்று என்பதை, கடல் கடந்த நாட்டு அறிக்கை ஒன்று எமக்கு உணர்த்தியது.

சைவ சித்தாந்தம் கற்றோர் காண்டல், கருதல், உரை என்னும் மூன்று அளவைகளை அறிவர். காண்டலில் ஐயமும் திரிபும் நேரும் என்பதையும் பெரியோர் எடுத்துரைத்துள்ளனர். சந்தியில் மற்றவரது காண்டலை நம்பி நாம் உயிரை ஒப்படைக்கலாகாது. “இவர் என்னைக் காணாதிருக்கலாம்” என்று கருதிச் செல்வதே காப்பு. காண்டல் தவறும் இடத்தில் கருதல் கைகொடுக்கும்.

கரையோரத்துச் சூரியன்

எமது கரையோரத்துக்கென்றே உரிய ஆபத்து ஒன்றும் உண்டு. கொழும்பிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம் வழியாகப் புத்தளம் வரும் பிரதான வீதி, கடலுக்கு ஏறக்குறைய இணையாக வடக்கு நோக்கிச் செல்கின்றது. கடற்கரை ஊர்களுக்குச் செல்லும் கிளைவீதிகள் மேற்குப் பக்கமாகப் பிரிகின்றன. எனவே காலையில் கடற்புறத்திலிருந்து பிரதான வீதிக்கு வருபவர் உதயசூரியனை எதிர்கொள்கிறார். மாலையில் கடற்புறம் திரும்புபவர் மறையும் சூரியனை எதிர்கொள்கிறார். மார்கழி, தை மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்து உதித்துத் தெற்கே சாய்ந்து மறைவதனால், தெற்கிலிருந்து வருபவன் அந்த ஒளிக்குள்ளேயே மறைந்துபோகிறான். திங்கட்கிழமை காலையில் லொறிச் சாரதிக்கும், வியாழக்கிழமை மாலையில் எமக்கும் நேர்ந்தது இதுவே.

இதற்கு மாணவர்களுக்கு ஓர் எளிய குறிப்புச் சொல்வோம். உங்கள் நிழலைக் கவனியுங்கள். நிழல் எத்திசையில் நீண்டு கிடக்கின்றதோ, அத்திசையிலிருந்து உங்களைப் பார்ப்பவரின் கண்ணில் சூரியன் இருக்கின்றது. அவருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். பாலாவியில் எமது நீண்ட நிழல் அந்த லொறியின் பக்கமாகவே சாய்ந்து கிடந்தது. நிழல் எம்மை எச்சரித்தது, நாம்தான் கவனிக்கவில்லை.

செய்யத்தக்கவை

சந்தியை அணுகும்போது முதலிற் செய்யவேண்டியது வேகத்தைக் குறைத்தல். பௌதிக ஆசிரியர் கரும்பலகையில் போட்டுக் காட்டிய கணக்கு இது. அறுபது கிலோமீற்றர் வேகத்தில் செல்பவர் ஆபத்தை உணர்ந்து பிரேக்கை அழுத்த ஒரு விநாடி எடுத்தால், அதற்குள் ஏறத்தாழ 17 மீற்றர் கடந்துவிடுவார். உலர்ந்த வீதியில் நல்ல பிரேக் பிடித்து நிற்க மேலும் 20 மீற்றர் வேண்டும். ஆக 37 மீற்றர். நாற்பது கிலோமீற்றர் வேகத்திலோ 11 மீற்றரும் 9 மீற்றருமாக மொத்தம் 20 மீற்றரே போதும். அன்று எமக்கும் லொறிக்கும் இடையே இருந்தது இருபது மீற்றருக்குச் சற்றே அதிகம். வழக்கமான வேகத்தில் சென்றிருந்தால் இக்கட்டுரையை எழுத நாம் இருந்திருப்போமா என்பது ஐயமே. எம்மைக் காத்தது எமது திறமை அன்று, மாணவரின் விடைத்தாள்கள்.

இரண்டாவது, கிளைவீதியில் நிற்கும் வாகனத்தின் சாரதி முகத்தைப் பார்த்து ஏமாறாமல், அதன் முன் சில்லைப் பார்த்தல். முகம் நம் பக்கம் திரும்பியிருக்கும். மனம் வேறெங்கோ இருக்கும். சில்லு ஒரு விரற்கடை உருண்டாலும் அது உண்மையை உரைத்துவிடும். மூன்றாவது, பகலிலும் முன்விளக்கை எரியவிடுதல். நான்காவது, பஸ்ஸுக்கோ லொறிக்கோ மிக அண்மையாகப் பின்னால் ஒட்டிச் செல்லாதிருத்தல். அவ்வாறு மறைந்து செல்பவனை, எதிரே திரும்பக் காத்திருப்பவர் அறியவே மாட்டார்.

திரும்புகிறவர் செய்யவேண்டியது ஒன்றுண்டு. ஒருமுறை பார்த்துவிட்டு எடுத்தல் ஆகாது. வலம், இடம், மீண்டும் வலம் என்று பார்த்து, ஒவ்வொரு பக்கத்திலும் கண்ணை ஒரு கணம் நிறுத்தவேண்டும். தூணின் மறைவு நீங்கத் தலையைச் சற்று முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்கவேண்டும். கண்ணில் வெயில் அடித்தால், கையால் மறைத்துக்கொண்டு, தெளிவாகத் தெரியும் வரை நிற்கவேண்டும். வெறுமையாகத் தோன்றும் வீதி வெறுமையானதென்று எண்ணலாகாது.

தலைக்கவசத்தைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். அரேபிய லோரன்ஸ் எனப் புகழ்பெற்ற ஆங்கிலேயர், 1935ஆம் ஆண்டு மே மாதம், வீதியில் சைக்கிளில் சென்ற இரு சிறுவர்கள் மீது மோதாதிருக்க மோட்டார் சைக்கிளைத் திருப்பித் தூக்கி எறியப்பட்டு, தலைக்காயத்தால் ஆறாம் நாள் இறந்தார். அவருக்குச் சிகிச்சை அளித்தவர்களுள் ஒருவரான மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் ஹியூ கெயான்ஸ், அந்த இழப்பை மறக்காமல் இராணுவ மோட்டார் சைக்கிளோட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து, 1941இல் கவசத்தின் பயனை எடுத்துக்காட்டினார். பிரித்தானியாவில் அது சகலருக்கும் சட்டமானது 1973இல்தான். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளிவந்த மதிப்பீடு ஒன்று, தலைக்கவசம் மரண அபாயத்தை ஏறக்குறைய 42 சதவீதமும் தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைப்பதாகக் காட்டுகின்றது. தந்தைக்குக் கவசம், தனயனுக்கு வெறுந்தலை என்று நம் ஊர்களில் அன்றாடம் காணும் காட்சியை இனியேனும் ஒழிக்கவேண்டும். அந்தச் சிறுமியின் வெறுந்தலையைக் கண்ட பின் இதைச் சொல்லாதிருக்க எம்மால் முடியவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் வீதி விபத்துகளில் 11 இலட்சத்து 90 ஆயிரம் மக்கள் மாண்டனர். நம் சின்னஞ்சிறு இலங்கையிலும் 2010களின் பிற்பகுதியில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 3,000 பேர் வீதியிலே உயிரிழந்தனர். அவர்களுள் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே மிகப் பெருந்தொகையினர். இவ்வெண்களுக்குள் ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் உணவு வேளையில் வெறுமையாகக் கிடக்கும் ஓர் இடம்.

குடித்துவிட்டு ஓட்டுவோரையும், கைத்தொலைபேசியில் பேசிக்கொண்டு ஓட்டுவோரையும், போட்டி போட்டுப் பறக்கும் பஸ்களையும் நாம் மன்னிக்கச் சொல்லவில்லை. அவர்களுக்குச் சட்டமும் தண்டனையும் வேண்டும். ஆனால் கண்ணின் குறை அவ்வாறானதன்று. அது நல்லவருக்கும் உண்டு, கவனமானவருக்கும் உண்டு, பிறருக்குப் பாடம் சொல்லும் ஆசிரியருக்கும் உண்டு. தமக்கும் அது உண்டென்று அறிந்தவரே சந்தியில் தாமதிப்பார்.

நம் மாவட்டத்துச் சந்திகளில் பிள்ளையாரோ, புனித அந்தோனியாரோ, புத்தர் சிலையோ இருப்பதைக் காணலாம். பழைய லொறிச் சாரதிகள் அங்கே வண்டியை மெதுவாக்கி, ஒரு கணம் கையெடுத்துக் கும்பிட்ட பின்னரே செல்வார்கள். அதனை வெறும் பழக்கம் என்று இளமையில் எண்ணினோம். சந்தியில் ஒரு கணம் நின்று, தான் மட்டும் உலகில் இல்லை என்று நினைத்துக்கொள்வதைவிடச் சிறந்த வீதி ஒழுங்கு வேறு எது?

அடுத்த வாரம் பாலாவித் தேநீர்க்கடையில் அந்தச் சாரதியைத் தேடிக் கண்டோம். எம்மைக் கண்டதும் எழுந்து நின்றார்; முறைப்பாடு பற்றிக் கேட்கவே வந்திருக்கிறோம் என்று எண்ணினார் போலும். அவரை அமரச் செய்து, வியாழக்கிழமை நடந்ததைச் சொன்னோம். முழுவதையும் கேட்டுவிட்டு, “பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லையே சேர்?” என்றார். அதுவே அவர் கேட்ட ஒரே கேள்வி. தேநீருக்கு நாம் பணம் கொடுக்க முயன்றோம், அவர் விடவில்லை.

பிறகு அவர் லொறியில் ஏறினார். சந்தியின் வாயிலில் நின்றார்; வலம் பார்த்தார், இடம் பார்த்தார், கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு மீண்டும் வலம் பார்த்தார். பின்னால் நின்ற முச்சக்கர வண்டிக்காரர் பொறுமையிழந்து ஹோர்ன் அடித்தார். அவரோ தெற்கேயிருந்து வந்த ஒரு மோட்டார் சைக்கிள் கடந்து செல்லும் வரை அசையவில்லை.